சாயம் பூசாத ஆடுகளும் நூற்று ஐம்பத்திரண்டு ரூபாயும்

மூன்று விலை

எனக்கு இருபத்தோரு வயதாக இருந்தபோது, ஒரே வாரத்தில், ஒரே கம்பெனியின் ஒரே பங்குக்கு மூன்று விலைகளை டைப் அடித்தேன். முதல் தாளில் நூற்றைந்து ரூபாய். இரண்டாவதில் நூற்றுப் பதினெட்டு. மூன்றாவதில் நூற்று முப்பது. எண்ணை எங்கோ மாற்றி அடித்துவிட்டோம் என்று பயந்துபோய், மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டர் வரதன் சார் மேஜைக்குப் போனேன். அவர் பச்சைப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "மூணும் சரிதாம்மா ரெஜினா. எது நியாயம்னுதான் தெரியல" என்றார்.

திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கிக்கு மேலே, மாடியில் எங்கள் ஆபீஸ். அங்கே வேலை பார்த்த ஒரே பெண் நான். டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் பாஸ் செய்திருந்தேன். கீழேயிருந்து வரும் புகையிலை நெடியில் முதல் ஒரு மாதம் தும்மிக்கொண்டே டைப் அடித்தேன். கணக்கு விஷயமாக வருகிற கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி போட்டுக்கொள்வார்கள். பேச்சை மட்டும் சாரிடம்தான் பேசுவார்கள். எனக்குக் காது கேட்காது என்றே பலர் நினைத்தார்கள் போலிருக்கிறது. அதனால் எனக்கு லாபம்தான். அந்த மாடியில் நடந்த பேச்சு அத்தனையும் என் காதில் விழுந்தது.

அந்த மூன்று விலையும் ஒரு பஸ் கம்பெனியின் பங்குக்கு உரியவை. கம்பெனிக்குப் பெரிய பெயர் ஒன்று போர்டில் இருந்தது. ஆனால் திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை வழியாக அய்யலூர் வரை யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது மஞ்ச வண்டி. அதே ரோட்டில் போட்டிக்கு ஓடியது பச்ச வண்டி. நான் வடமதுரைக்காரி, அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆகவே தினமும் மஞ்ச வண்டியில்தான் ஆபீசுக்கு வந்தேன். அந்த வண்டியின் விலையைத்தான் ஆபீசில் டைப் அடித்தேன்.

மூன்று விலை எப்படி வந்தது என்பதை, இன்று ஆடிட் ஆபீசுகளில் புதிதாகச் சேருகிற பெண்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நூற்றைந்து என்பது கடைசியாக ஒருவர் நிஜமாகவே கொடுத்து வாங்கிய விலை. நூற்றுப் பதினெட்டு என்பது பஸ், ஷெட், இடம் எல்லாவற்றையும் விற்று, கடனை அடைத்துவிட்டால் ஒவ்வொரு பங்குக்கும் தேறுவது. நூற்று முப்பது என்பது சம்பாத்தியத்தை வைத்துப் போட்டது. ஒரு பங்குக்கு வருஷம் பதிமூன்று ரூபாய் லாபம் வருகிறது, நூறு ரூபாய் போட்டவன் பத்து ரூபாய் எதிர்பார்ப்பான், அப்படியானால் பதிமூன்றுக்கு நூற்று முப்பது. அவ்வளவுதான் கணக்கு. புத்தகத்தில் இதையே நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

செல்லத்தாயம்மா

விலை கேட்டு வந்தவர் செல்லத்தாயம்மா. மஞ்ச வண்டியை ஆரம்பித்த மூன்று கூட்டாளிகளில் மூத்தவரான சுப்பையாவின் மனைவி. சுப்பையா இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. இன்னொரு கூட்டாளி பொன்னையா, கம்பெனியை நடத்தியவர். மூன்றாமவர் நெய்க்காரப்பட்டிக்காரர், கையெழுத்துப் போட மட்டும் வருவார். மொத்தம் அறுநூறு பங்கு. அதில் செல்லத்தாயம்மா பங்கு இருநூறு.

அந்தக் கம்பெனியின் விதிப்படி, பங்கை விற்கிறவர் முதலில் மற்ற கூட்டாளிகளுக்குத்தான் கொடுக்க வேண்டும். விலையை ஆடிட்டர் சொல்ல வேண்டும். ஆடிட்டர் காரணத்தோடு சொன்னால் அதுதான் முடிவு, அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"எதுக்கம்மா விக்கணும்? வருமானம் நல்லா இருக்கே" என்று வரதன் சார் கேட்டார்.

"எங்க இருக்கு?" என்றார் செல்லத்தாயம்மா. "வருமானம் வருமானம்னு நீங்கதான் சொல்றீக. அவுக போய்ச் சேந்ததுல இருந்து என் வீட்டுக்கு ஒரு சல்லி வரல. கேட்டா, லாபமெல்லாம் கம்பெனி ரிசர்வுல கெடக்குங்கிறாரு பொன்னையா. ரிசர்வ வச்சு ஒல வைக்க முடியுமா சார்?"

அய்யலூர்ப் பக்கம் பம்புசெட்டுக் கிணற்றோடு ஏழு ஏக்கர் தோட்டம் ஒன்றை அவர் பேசி முடித்திருந்தார். முப்பத்திரண்டாயிரம் ரூபாய். கையில் இருந்த நகையைப் போட்டு இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. தை முடிவதற்குள் பாக்கி முப்பதாயிரத்தைக் கொடுத்துப் பத்திரம் பதிய வேண்டும். தவறினால் அட்வான்சும் போச்சு, தோட்டமும் போச்சு.

மல்லியும் கனகாம்பரமும் போட்டால் தினமும் காசு பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். முப்பதாயிரத்தை இருநூறால் வகுத்தால் நூற்றைம்பது. பங்கு ஒன்று நூற்றைம்பதுக்குப் போனால் தோட்டம், போகாவிட்டால் இல்லை. நான் அடித்த மூன்று தாளில் எதிலும் நூற்றைம்பது இல்லை.

மறுநாளே பொன்னையா வந்துவிட்டார். சில்க் ஜிப்பா, விரலில் கல் மோதிரம், எப்போதும் வாய் நிறைய வெற்றிலை. நல்ல மனுஷர்தான், ஆனால் பஸ்ஸில் ஏறியே பல வருஷம் ஆகியிருந்தது. காரில் போவார்.

"சார், சுத்தி வளைக்காதீக. சந்தையில மாடு என்ன வெலைக்குப் போச்சோ அதுதான் மாட்டு வெல. போன வருசம் நெய்க்காரப்பட்டிக்காரருகிட்ட இருபது பங்கு நான் நூத்தஞ்சுக்கு வாங்குனேன். ரொக்கம் எண்ணிக் கொடுத்தேன். அதுதான் வெல. மத்ததெல்லாம் பேப்பரு."

அந்த நெய்க்காரப்பட்டிக்காரரை வரதன் சார் ஏற்கெனவே கேட்டிருந்தார். "ஏனுங்க, புள்ளைக்குக் கல்யாணம் வச்சிருந்தனுங்க. அன்னிக்கு எம்பது தாரேன்னிருந்தாலும் குடுத்திருப்பனுங்க" என்று அவர் சொன்னது என் ஷார்ட்ஹேண்ட் நோட்டில் இருந்தது. அவசரத்துக்கு விற்றவன் விலை அது. ஆனால் பொன்னையா சொன்னதிலும் பொய் இல்லை. பணம் கைமாறிய விலை அது ஒன்றுதான்.

வரதன் சார் கடைசியில் நூற்று முப்பது என்றுதான் முடிவு செய்வார் போலத் தெரிந்தது. செல்லத்தாயம்மாவுக்கு நாலாயிரம் துண்டு விழும். "இதுக்கு மேல எனக்கு ஆதாரம் இல்லம்மா" என்று என்னிடம் சொன்னார். என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை, மாடியில் வேறு ஆள் இல்லாததால் இருக்கலாம்.

வியாழக்கிழமை வண்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்பா அதற்காகவே என்னை டைப்ரைட்டிங்கில் சேர்த்தார், விரல் வேலை செய்தால் வாய் அடங்கும் என்று. அடங்கவில்லை.

"சார், நீங்க மஞ்ச வண்டியில வியாழக்கிழமை ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஏன்?"

"பச்ச வண்டி முன்னால வந்தாலும் யாரும் ஏற மாட்டாங்க சார். விட்டுட்டு நிப்பாங்க."

"ரெண்டும் ஒரே டிக்கெட்தானே? ஒரே மாதிரி சீட்டுதானே?"

"அதான் சார். ஏன் நிக்கிறாங்கன்னு உங்க பேலன்ஸ் ஷீட்ல இல்ல."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் வரதன் சார் கோபப்படவில்லை. அடுத்த வியாழக்கிழமை அதிகாலையிலேயே அய்யலூருக்குப் போய்விட்டார். திரும்புகிற வண்டி வடமதுரைக்கு வந்தபோது நான் ஏறினேன். சார் முன் சீட்டில், வேட்டியில் ஆட்டுப் புழுக்கையோடு, புது மாப்பிள்ளை மாதிரி வெட்கமாக உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச்சந்தை. மஞ்ச வண்டியின் மேலே கேரியரைச் சுற்றித் தட்டி கட்டியிருப்பார்கள். ஆடுகளெல்லாம் மேலே. தலைக்கு நாலணா கூலி. நயா பைசா வந்து சில வருஷமாகியும் ஆட்டுக்கு அணாவில்தான் பேச்சு. இதில் சுப்பையா ஏற்படுத்தி வைத்த வழக்கம் ஒன்று இருந்தது. சந்தைக்குக் கொண்டுபோய் விலைபோகாத ஆட்டுக்குத் திரும்புகாலில் கூலி கிடையாது. மற்ற ஆட்டுக் கூலி எல்லாம் வேபில்லில், அதாவது வண்டியின் வசூல் தாளில், ஏறாது. டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். அன்றைக்கு வண்டி கழுவ, டிரைவர் கண்டக்டர் சாப்பாட்டுக்கு, பஞ்சருக்கு எல்லாம் அதிலிருந்துதான். மிச்சத்தை தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் சிப்பந்திகள் பிரித்துக்கொள்வார்கள்.

எந்த ஆடு விற்றது, எது விற்கவில்லை என்று எப்படித் தெரியும்? வியாபாரிகள் வாங்கிய ஆட்டின் முதுகில் சாயம் பூசிவிடுவார்கள், ஆளுக்கொரு நிறம். சாயம் இல்லாத ஆடு விலைபோகாத ஆடு. கண்டக்டர் அந்தோணி அண்ணன் ஏணியில் நின்றுகொண்டு முதுகைப் பார்த்தே கூலி வாங்குவார்.

அன்று வடமதுரை நிறுத்தத்தில், சந்தையிலிருந்து அதுவரை நடந்தே ஓட்டி வந்த ஒரு வியாபாரி மூன்று ஆட்டின் முதுகில் ஈரத் துண்டைப் போர்த்தி, "பாவம் அப்பு, காய்ச்சக்கார ஆடு, யாரும் வாங்கல" என்றார்.

அந்தோணி அண்ணன் துண்டைத் தூக்கினார். துண்டும் சிவப்பு, ஆடும் சிவப்பு. "ஏலே, இது காய்ச்சலா, மஞ்சக்காமாலையா? காமாலைன்னா மஞ்சளாவுல இருக்கணும்" என்றார். வண்டியே சிரித்தது. வியாபாரி முக்கால் ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

பின்னாலேயே ஒரு வயசாளி, ஒரு வெள்ளாட்டையும் குட்டியையும் பிடித்துக்கொண்டு நின்றார். சாயம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அன்றைக்கு விற்றே ஆக வேண்டிய ஆடு. அந்தோணி அண்ணன் கூலி கேட்கவில்லை. ஆட்டைத் தூக்கி மேலே கொடுத்தார். "அடுத்த வாரம் போகும் பெருசு, உள்ள ஏறு" என்றார்.

தாமரைப்பாடி தாண்டியதும் வரதன் சார் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பெரியவர் இனிமே வேற வண்டியில ஏறுவாரா?" என்று கேட்டார்.

"அவர் மட்டும் இல்ல சார். அவர் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னாலும், பேரன் பள்ளிக்கூடம் போறதுன்னாலும் மஞ்ச வண்டிதான்."

எட்டரையா, பத்தா

அன்று மத்தியானம் வரதன் சார் மூன்று தாளையும் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னது, என் நாற்பது வருஷ வேலையில் நான் கேட்ட ஆகச் சிறந்த பாடம். பாடம் நடத்துகிற எண்ணம் அவருக்கு இல்லை. வாய்விட்டு யோசித்தார், அவ்வளவுதான்.

"வண்டிய யாரும் விக்கப் போறதில்ல. அதனால நூத்திப் பதினெட்டு நமக்கு வேண்டாம். நூத்தஞ்சு அவசரக்காரன் வெல, அதுவும் வேண்டாம். பதிமூணு ரூபா லாபம், அதுல சந்தேகம் இல்ல. ஆனா நூத்துக்குப் பத்து வேணும்னு நான் எதுக்கு எழுதுனேன்? நாளைக்கு இந்த லாபம் வருமோ வராதோன்னு பயப்படுறவன் பத்து கேப்பான், பன்னெண்டும் கேப்பான். நிச்சயமா வரும்னு தெரிஞ்சா எட்டு எட்டரையே போதும்பான். பச்ச வண்டிய விட்டுட்டு ஜனம் நிக்குது. இதவிட நிச்சயம் என்ன வேணும்?"

நூற்றுக்கு எட்டரை என்று வைத்துப் பதிமூன்றை வகுத்தார். நூற்று ஐம்பத்திரண்டு, சொச்சம். சொச்சத்தை விட்டுவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். லாபத்தில் ஒரு ரூபாய் கூடவில்லை. பஸ்ஸில் ஒரு ஆணி கூடவில்லை. அதே பதிமூன்று ரூபாய். நம்பிக்கை கூடியதும் விலை இருபத்திரண்டு ரூபாய் ஏறிவிட்டது. செல்லத்தாயம்மாவுக்குத் தோட்டம் வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு," என்றார் சார். "பத்த எட்டரையாக்குனதுக்குக் காரணம் வெல சர்டிபிகேட்ல எழுதணும். எழுதாட்டி பொன்னையா கோர்ட்டுக்குப் போவார். எழுதினா..." என்று நிறுத்தினார்.

"எழுதினா என்ன சார்?"

"எழுதினா அவருக்கும் தெரிஞ்சுபோகும்."

எனக்கு அது அப்போது புரியவில்லை. தெரியட்டுமே, நல்லதுதானே என்று நினைத்தேன். சந்தை நாளில் ஆடு ஏற்றும் சலுகை பற்றியும், அந்தக் கூலி கம்பெனிக் கணக்கில் ஏறாமல் சிப்பந்திகளுக்கே விடப்படுவது பற்றியும், அதனால் பயணிகள் விலகாமல் இருப்பது பற்றியும் சார் சொல்லச் சொல்ல, ஆறு வரிக் குறிப்பை அழகான இங்கிலீஷில் அடித்தேன். அசல் ஒன்று, கார்பன் மூன்று. ஒரு பிழை கிடையாது. அந்தப் பிழையில்லாத தாளைப் பற்றி எனக்கு அன்று எவ்வளவு பெருமை!

சர்டிபிகேட்டை வாங்க வந்த செல்லத்தாயம்மாவுக்குச் சார் அந்தக் குறிப்பைத் தமிழில் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது.

"சாயம் பூசாத ஆட்டுக்குக் காசு வாங்காதேன்னு அவுக சொன்னதுக்கா வெல போட்டீக?"

"அதுக்குத்தாம்மா."

"அப்ப நான் வித்தா அதயும் சேத்துல்ல விக்கிறேன்?" சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டார். "அந்த வழக்கத்த எடுக்கக் கூடாதுன்னு பத்திரத்துல ஒரு வரி எழுத முடியாதா சார்?"

"பங்கு கைமாறினா வண்டிய எப்படி ஓட்டணும்னு சொல்ற பாத்தியம் உங்களுக்கு இல்லம்மா."

தை முடியப் பதினோரு நாள் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று இன்னும் எனக்குச் சங்கடம்தான். பிறகு பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டி, செ-ல்-ல-த்-தா-யி என்று பங்கு டிரான்ஸ்பர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வாங்காவிட்டால் பங்கு வெளியாள் கைக்குப் போய்விடுமே என்று பொன்னையா முணுமுணுத்துக்கொண்டே முப்பதாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்தார். தோட்டம் பதிவானது.

ஆறு வரி செய்த வேலை

மாசி பிறந்து முதல் வியாழக்கிழமை. வடமதுரையில் மஞ்ச வண்டி நின்றபோது ஏணியடியில் ஒரே சத்தம். அந்தோணி அண்ணன் கையில் புதிதாக அச்சடித்த ஆட்டு டிக்கெட் புத்தகம். சாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தலைக்கு நாலணா. போகவும் நாலணா, வரவும் நாலணா. பக்கத்தில் கண்காணிக்க ஒரு டிக்கெட் செக்கர்.

என்ன நடந்தது என்று அண்ணன்தான் சொன்னார். சர்டிபிகேட்டைப் பொன்னையா மூன்று முறை படித்திருக்கிறார். டப்பாவில் ஏதோ சில்லறை கிடக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம். "என் வண்டி மேல ஏறுற ஆட்டுக்கு வர்ற காசு என் காசுடா" என்று அன்றைக்கே டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். நூற்றைந்துக்குப் பதிலாக நூற்று ஐம்பத்திரண்டு கொடுத்த நஷ்டத்தை ஆடுகளிடமிருந்து வசூல் செய்யத் தொடங்கியிருந்தார்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம் தங்கச்சி" என்றார் அந்தோணி அண்ணன். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"சொல்லலைன்னா அந்தம்மாவுக்குத் தோட்டம் இல்லையேண்ணே."

"அது சரிதான்" என்றார். அன்று திண்டுக்கல் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். தப்பு செய்தேன் என்று சொல்லவும் முடியவில்லை, செய்யவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

ஒன்றிரண்டு மாதத்தில் அந்தோணி அண்ணன் பச்ச வண்டிக்குப் போய்விட்டார். பச்ச வண்டிக்காரர் கெட்டிக்காரர். அவர் வண்டி மேலேயும் தட்டி கட்டினார். சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா வைத்தார்.

மறுபடியும் பொன்னையா

இரண்டு வருஷம் போயிற்று. பொன்னையா மாடிப்படி ஏறி வந்தார். வெற்றிலை இல்லை, மோதிரமும் இல்லை. நெய்க்காரப்பட்டிக்காரர் தனக்கு வேண்டாம் என்றுவிட, தன் பங்கில் பாதியைப் பச்ச வண்டிக்காரருக்கே விற்கப் பேசிக்கொண்டிருந்தார். விலைக்கு சர்டிபிகேட் வேண்டும்.

வரதன் சார் கணக்கைப் பார்த்தார். ஆட்டு டிக்கெட்டில் வந்த காசு தனியாகச் சுத்தமாக ஏறியிருந்தது. முதல் வருஷம் நிறைய, அடுத்த வருஷம் அதில் பாதிகூட இல்லை. ஆள் டிக்கெட் எல்லா நாளிலும் குறைந்திருந்தது. பங்குக்கு ஒன்பது ரூபாய்தான் லாபம்.

"ஒம்பது ரூபா. இதுவும் நிக்குமான்னு சந்தேகம். வாங்குறவர் நூத்துக்குப் பன்னெண்டாவது எதிர்பார்ப்பார். எழுபத்தஞ்சு ரூபா."

பொன்னையா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எழுவத்தஞ்சா? என்ன சார் வெளையாடுறீகளா? ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே மேசையில ஒக்காந்து நூத்தம்பத்திரண்டு போட்டீக. நான் எண்ணிக் கொடுத்தேன். கடைசியா கைமாறுன வெல அதுதானே? அதையே போடுங்க!"

பாருங்கள், மனுஷர் கொள்கை மாறவில்லை. மாடு என்ன விலைக்குப் போனதோ அதுதான் மாட்டு விலை. அன்று வாங்குகிறவர், இன்று விற்கிறவர், அது ஒன்றுதான் வித்தியாசம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டைப்ரைட்டரின் உருளையைத் திருப்பிச் சத்தம் உண்டாக்கிச் சமாளித்தேன்.

"அப்ப அன்னிக்கு நீங்க போட்டது தப்பு வெலன்னு ஒத்துக்கங்க" என்றார் பொன்னையா.

வரதன் சார் பழைய பைலை எடுத்து, நான் அடித்த அந்த ஆறு வரியைக் காட்டினார். "தப்பு இல்ல. நூத்தம்பத்திரண்டுக்கு நீங்க என்ன வாங்குனீங்கன்னு இதுல எழுதியிருக்கு. வாங்குனத நீங்களே தூக்கிப் போட்டுட்டு, வெல மட்டும் இருக்கணும்னா எப்படிங்க?"

பொன்னையா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "டப்பாவுல வருசத்துக்கு ஆயிரம் ரூவா கெடந்தா எவன் சார் விடுவான்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. அவர் இடத்தில் இருந்தால் பத்தில் எட்டு பேர் அதைத்தான் செய்திருப்போம். எழுபத்தைந்துக்கு சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

பூக்கூடை

அந்த வருஷமே வருமான வரிக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. சார் என்னைச் செல்லத்தாயம்மா தோட்டத்துக்கு அனுப்பினார். ஒரு வியாழக்கிழமை காலை முதல் வண்டியில் போய் இறங்கினேன். ரோட்டோரத்திலேயே தோட்டம். பங்கு விற்றதில் மிஞ்சிய நானூறு ரூபாயில் வேலியை ஒட்டி ஒரு நீளமான கல்தொட்டி கட்டியிருந்தார். சந்தைக்கு நடந்தே ஆடு ஓட்டிப் போகிறவர்கள் அதில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார்களாம். மல்லி பூத்து வேலிக்கு வெளியேயும் வாசம் வந்தது. மூத்த பெண் டீச்சர் டிரெயினிங் சேர்ந்திருந்தாள்.

கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். இப்போது எழுத்துக் கூட்டாமல் ஒரே இழுப்பில் போட்டார். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப இரண்டு கூடை பூ கட்டி வைத்திருந்தார். "நீயும் பூ போற வண்டியிலயே போயிரலாம்த்தா, செத்த நேரம் இரு" என்று என்னையும் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றார்.

முதலில் மஞ்ச வண்டி வந்தது. உள்ளே பாதி சீட்டு காலி. செல்லத்தாயம்மாவை டிரைவருக்குத் தெரியும். வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, நின்றேவிட்டார். கூடைப் பூ வெயிலில் வாடத் தொடங்கியிருந்தது. நான் ஒரு கூடையைத் தூக்கினேன்.

செல்லத்தாயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

"உங்க வீட்டுக்காரர் வாங்கி விட்ட வண்டியாச்சேம்மா?" என்று கேட்டுவிட்டேன். சொன்னேனே, வாய் நீளம் என்று.

"வண்டி அவுக வாங்குனதுதான்" என்றார். தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புழுதியாகவும் இருக்கலாம். "ஆனா அவுக இப்ப அதுல வரலையே. பின்னால பச்ச வண்டி வரும், அதுல போவோம்."

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்தில் எத்தனையோ கம்பெனிப் பங்குகளுக்கு விலை டைப் அடித்தேன். பிற்பாடு நானே விலை போடும் இடத்துக்கும் வந்தேன். சொத்துக் கணக்கு, லாபக் கணக்கு, கைமாறிய விலை எல்லாம் பார்ப்பேன். கடைசியில் அந்தக் கம்பெனிக்காக யார் வெயிலில் காத்து நிற்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை எழுதுவேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

அன்று நாங்கள் கால் மணி நேரம் நின்றோம். பச்ச வண்டி வந்தது. மேலே தட்டிக்குள் சாயம் பூசாத ஆடு ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அந்தோணி அண்ணன் ஏணியில் இறங்கி வந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, கூடையை வாங்கிக்கொண்டார்.